பஞ்சு மாட்டிய இடம்

ஜெயசித்ரா டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று திருவேங்கடம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஏன் வருகிறது என்று ஒருத்தராவது கேட்டிருப்பார்களா? மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனவள் அவள். அன்றிலிருந்து ஊருக்கே அவள் உடம்பின் மேல் உரிமை வந்துவிட்டது. பஸ் படியில் கால் வைக்குமுன் யாராவது இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள். ரோட்டோரம் சும்மா நின்றால்கூட, முன்பின் தெரியாத ஆள் முழங்கையைப் பற்றி எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார். அந்தப் பக்கம் போக வேண்டுமா என்று கேட்பதில்லை. நன்றி சொல்லாவிட்டால் முறைப்பு வேறு.

அதற்காகத்தான் அந்தப் பழைய மாருதி கார். கிளட்ச்சைக் கையால் பிடிக்கிற மாதிரி மெக்கானிக் சாம்சன் மாற்றிக் கொடுத்திருந்தார். ஏழு வருஷமாகச் சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடத்துக்கு அவளே ஓட்டிப் போகிறாள், அவளே இறங்குகிறாள். யாரும் தொடுவதில்லை.

இந்த ஜூனோடு காருக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது. ஆய்வுக்குக் கொண்டுபோய்ப் பதிவைப் புதுப்பிக்காவிட்டால் ரோட்டில் எடுக்க முடியாது. மே லீவில் சாம்சன் அவள் வீட்டு வாசலில் வைத்தே எஞ்சினைக் கழற்றிச் சரிபார்க்க எடுத்துப் போனார். அது இருந்த இடத்தை அவள் குனிந்து பார்த்தாள். பேட்டரிக்கு அடியில் அமிலம் ஒழுகித் தகடு பொரிந்து கிடந்தது. கூப்பிட்டு விட்ட பெயிண்டர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“மேலாப்புல அடிச்சு விட்டுருவோம் டீச்சர். பானட்ட மூடிட்டா யாருக்குத் தெரியப்போவுது?” என்றான்.

“எனக்குத் தெரியும்லா. நீ கெளம்பு,” என்றாள் அவள்.

அன்றைக்கே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அமிலம் பட்ட இடத்தைச் சோடா உப்புக் கரைசலால் கழுவினாள். டீசலும் சோப்புத் தூளும் போட்டுப் பதினைந்து வருஷத்துப் பிசுக்கைத் தேய்த்தெடுத்தாள். கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள். ஆறு நாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு முகம் ஞாபகம் வந்ததால் வேலை வேகமாகவே நடந்தது.

எஞ்சினுக்குப் பின்னால் நிற்கிற தகட்டில் சேசிஸ் நம்பர் வெட்டியிருந்தது. ஆய்வு நாளில் அதிகாரி அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுப்பார். அது ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போனால்தான் கார் அவளுடையது. அந்த இடத்தைப் பல் பிரஷ்ஷால் மெல்லத் துடைத்து, மேலே டேப் ஒட்டி வைத்தாள்.

பெயிண்ட் அடிக்கத் தம்பி மாரிக்கண்ணன் தன் தறிக்கூடத்துக் கம்ப்ரசரைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். அவன் விசைத்தறி மெக்கானிக். தறியில் நூல் படும் இரும்பில் கடுகளவு பிசிறு இருந்தாலும் இழை அறுந்துவிடும். அதனால் எந்தத் தகட்டைப் பார்த்தாலும் ஒரு துளிப் பஞ்சை மேலே ஓட்டுவான். பஞ்சு மாட்டுகிற இடத்தை அரத்தால் ராவி வழவழப்பாக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை. அதில் அவனை மிஞ்ச ஊரில் ஆளில்லை.

அவன் வந்த அன்று அவளுக்குத் தென்காசியில் பயிற்சி வகுப்பு. பஸ்ஸில் போனாள். போகும்போது ஒருத்தன் தூக்கி ஏற்றினான், வரும்போது ஒருத்தி தூக்கி இறக்கினாள். பத்திக்கொண்டு வந்த கோபத்தோடு சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்தால், பானட் திறந்திருக்கிறது, தம்பி சிரித்த முகமாக நிற்கிறான்.

“வாக்கா, இங்கன தடவிப் பாரு. கண்ணாடி கெணக்கா இருக்கு.”

தடவினாள். டேப்பைக் காணோம். நம்பரையும் காணோம்.

“ஏலே, இங்கன ஒரு டேப்பு இருந்துச்சே.”

“பிச்சுட்டேன். பஞ்சு ஓட்டுனா அங்கன மட்டும் மாட்டுச்சு. துரு அரிச்சிருக்குன்னு கிரைண்டர் போட்டு வழிச்சு, பட்டி பூசிச் சமமாக்கிட்டேன்.”

“அது துரு இல்லலே. கார் நம்பரு.”

அவன் டேப் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தான். “பழைய பெயிண்ட் ரொம்பிக் கெடந்துச்சுக்கா. நான் கண்ணால பாக்கல, பஞ்சைத்தான் பாத்தேன்.”

“யாருலே ஒன்னத் தொடச் சொன்னா? ஒரு போன் போட்டுக் கேட்டா வாயி தேஞ்சா போவும்? சின்ன வயசுல நான் நொண்டி நொண்டி நடந்து போனா, கேக்காமத் தூக்கி சைக்கிள்ல வைப்ப. இப்பவும் கேக்கல. ஒரு வார்த்த. நாப்பது வருஷத்துல ஒரு வார்த்த கேட்டிருக்கியாலே நீ?”

தோள்பையை விட்டெறிந்தாள். சாப்பாட்டு டப்பா திறந்து வாசல் முழுக்க மிச்சச் சோறு. அவன் குனிந்து பொறுக்க வந்தான். “அதையும் தொடாத,” என்றாள். அவன் அப்படியே நின்றான்.

மறுநாள் ஆய்வு அலுவலகத்தில் விசாரித்தாள். நம்பர் இல்லாத வண்டியைத் திருட்டு வண்டி என்றுதான் நினைப்பார்களாம். போலீஸ் சான்று வாங்கி, அனுமதி வாங்கி, மறுபடி நம்பர் வெட்ட மூன்று மாதமாவது ஆகுமாம். அதுவரை வண்டியை எடுக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து அதே முக்காலியில் உட்கார்ந்தாள். துரு ஏறாமலிருக்க ரெட் ஆக்சைடும் அதன் மேல் வெள்ளை பெயிண்டும் அவளே அடித்தாள். தம்பி ராவிய இடத்தை மட்டும் பட்டியைச் சுரண்டிவிட்டு வெறும் தகடாக விட்டாள். போகிறபோதும் வருகிறபோதும் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை எட்டு மணிக்கு மாரிக்கண்ணன் பைக்கோடு வாசலில் நின்றான். அவள் வரச் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் யாரோ ஒருவனின் கையைவிட இது மேல் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. அவள் பக்கத்தில் வந்ததும், பழக்கத்தில் அவன் கை அவள் முழங்கையை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது.

“அக்கா,” என்றான். “பிடிக்கட்டுமா?”

“வேண்டாம். வண்டிய ஆடாமப் பிடிச்சுக்கோ.”

சீட்டைப் பிடித்து, வலது காலை ஊன்றி, இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை ஏறி உட்கார்ந்தாள். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். மாரிக்கண்ணன் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தான்.