உலர் அறையின் முள்

தான் செய்கிற பொருள் பழுதாகிவிடுமோ என்று பயப்படுவதா, பழுதில்லாமல் வேலை செய்துவிடுமே என்று பயப்படுவதா? இந்தக் கேள்விக்கு அவள் வாயால் பதில் சொன்னதில்லை.

அவள் வேலை பார்த்தது போர் விமானங்களுக்குப் பேட்டரி அச்சிடும் கூடத்தில். ஊசி போன்ற மூக்கு ஒன்று கரும்பசையைத் தலைமுடியைவிட மெல்லிய அடுக்குகளாக இட்டுக்கொண்டே போகும். அடுக்குகள் உயர உயர, விமானத்தின் பின் இருக்கைக்கு அடியிலுள்ள வளைந்த பொந்தில் கச்சிதமாக உட்காரும் பேட்டரி உருவாகும். பெட்டி வடிவப் பேட்டரி அங்கே நுழையாது. நடுவானில் இன்ஜின் நின்றால் கருவிகளை உயிரோடு வைத்திருப்பது இதுதான்.

அந்தப் பசைக்கு ஈரம் ஆகாது. அதனால் அறையின் காற்றையே காயவைத்திருப்பார்கள். மனிதரின் மூச்சும் வேர்வையும்கூட ஈரம்தான். ஆள் நுழைந்தாலே சுவரிலிருக்கும் ஈரமானியின் முள் நகரும். இவள் நுழைந்தால் மட்டும் நகர்ந்ததே தெரியாது. உதடு வெடித்து, தோல் வெளுத்து, வேர்க்காமல் வளையவந்தவளுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் கருவாடு. கோபப்படமாட்டாள். நல்ல வேலைக்காரி என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல நான் தயங்குவேன். சோதனையில் தேறியதற்குப் பச்சை அட்டை, தேறாததற்குச் சிவப்பு. கட்டுவது அவள் பொறுப்பு. தேறியதை ஒருநாளும் அவள் தடுத்ததில்லை.

அவள் தம்பி அந்த ரக விமானத்தில் பின் இருக்கையில் உட்கார்ந்து குண்டு போடக் குறிபார்ப்பவன். ஒருநாள் காலை, அவள் வேலை உடைக்கு மாறிக்கொண்டிருக்கும்போது போனில் கூப்பிட்டான்.

"அக்கா, பேட்டரி இல்லாம எங்க வண்டி தரையிலயே நிக்குது. எப்ப குடுப்ப?"

"இன்னைக்குத்தான் அச்சுல ஏறுது. அவசரப்பட்டா பிள்ள பொறக்குமா?"

"வந்ததும் கிளம்பணும்க்கா."

"பயிற்சிக்கா?"

"இல்ல. இந்தத் தடவ நெசமாவே."

"கீழ யார்டா இருப்பாங்க?"

"அதெல்லாம் என்கிட்ட கேக்காத. நீ செஞ்சதுன்னா நான் கண்ண மூடிட்டு ஏறுவேன்."

"குறிபாக்குறவன் கண்ண மூடிட்டா ஏறுவான்?"

அவன் சிரித்தான். இவள் சிரிக்கவில்லை.

அன்று முள் ஏறியது. அனுமதித்த கோட்டைத் தொடவில்லை, ஆனாலும் ஏறியது. கண்ணாடிக்கு வெளியே நின்ற இயந்திரக்காரர் ஒலிபெருக்கியில் கேலி செய்தார்: "என்ன கருவாடு, இன்னைக்கு ஊறிப்போச்சா?"

கையுறைக்குள் அவள் விரல்கள் நனைந்திருந்தன. இயந்திரத்தின் மூக்கு நிற்காமல் அடுக்கிக்கொண்டே போனது. அவள் பசையைப் பார்ப்பாள், முள்ளைப் பார்ப்பாள், மூச்சை அடக்கிக்கொள்வாள். அடக்க அடக்க வேர்த்தது.

சில வாரம் கழித்து, பேட்டரி எல்லாச் சோதனையிலும் தேறியது. குளிரில், சூட்டில், குலுக்கலில். மேற்பார்வையாளர் பச்சை அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். இன்னொன்றைச் செய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தம்பியின் விமானம் எழும்பாது.

அவள் சிவப்பைக் கட்டினாள்.

"ஏம்மா, முள் ஏறுச்சுன்னா? கோட்டுக்குள்ளதானே இருந்துச்சு?"

"ஆமா சார்."

"சோதனையில ஏதாவது குறையா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏம்மா?"

அவள் அட்டையின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள்.

அன்று மாலையில் தம்பியும் போனில் அதையே கேட்டான்.

"சாப்ட்டியா?" என்றாள்.