சைக்கிள் உழக்கிக் கேட்ட இங்கிலிஷ்

காது இருக்கிற ஆட்களுக்குக் கேட்கப் படிப்பிக்கிறதுதான் என்னுடைய தொழில். இதென்ன கண்டறியாத தொழில் என்று சிரிக்காதேங்கோ. வெளிநாட்டுக் கம்பசில், அதாவது பல்கலைக்கழகத்தில், இடம் கிடைத்தவர்கள் கொழும்புக்குப் போய் ஓர் ஆங்கிலச் சோதனை எழுத வேண்டும். அதில் ஒரு பகுதி, கசற்றில் வெள்ளைக்காரர் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டே விடை எழுதுவது. கசற் ஒரு முறைதான் ஓடும். "இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அந்தப் பகுதியில் விழுந்து எழும்பியவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும், அவர்களுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன என்னைப் போன்றவர்களுக்கும் இந்தக் கதைகள்.

இடம், கொக்குவிலில் எங்கள் வளவுக்குள் நின்ற ஓலைக்கொட்டில். காலம், சண்டையால் யாழ்ப்பாணத்தில் கறன்ட் இல்லாமல் போன பிறகு. காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் இந்த வகுப்பு. ரீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என்னிடம் படித்தவர்கள் சொல்வார்கள். பொய்யில்லை.

வெள்ளைக்காரிக்கும் களைக்கும்

கறன்ட் இல்லை. பற்றறி கொண்டுவர அரசாங்கத்தின் தடை. பிறகு கசற் போடுகிற ரேப் றெக்கோடர் எப்படிப் பாடும்? ஒரு சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, அதிலிருந்து வயர் இழுத்து ரேப்புக்குக் கொடுப்போம். ஒருவர் ஏறி இருந்து உழக்க வேண்டும். உழக்கினால் வெள்ளைக்காரன் வாய் திறப்பான், நிறுத்தினால் மூடுவான். மற்ற ஊர்களில் சுவிச்சைத் தட்டிப் படித்ததை நாங்கள் வேர்வை சிந்திப் படித்தோம்.

உழக்குகிறவருக்குக் களைத்தால் ரேப்புக்கும் களைத்துவிடும். குருநகர் ஜெராட் என்று ஒரு பெடியன் வந்தான், கப்பல் எஞ்சின் படிக்கிற ஆசையில். ஒரு நாள் அவனுடைய முறை. கசற்றில் கதைத்த பெண்ணின் குரல் இழுபட்டு, தடித்து, கடைசியில் கிழவன் குரலாகிப் போனது. "ஜெராட், நித்திரையோ? மனுசி சாகப்போறா, கெதியா உழக்கும்" என்று ஏறி விழுந்தேன். அவன் காலை நிறுத்தாமல் சொன்னான். "நான் மத்தியானம் சாப்பிடேல்லை ரீச்சர். அவவும் சாப்பிடேல்லைப் போல."

அதற்குப் பிறகு வகுப்புத் தொடங்க முன்னம், உழக்குகிறவருக்கு மட்டும் ஒரு துண்டுப் பாணும் தேத்தண்ணியும் என்று வைத்துக்கொண்டேன். அடுத்த நாளே ஜெராட் கையை உயர்த்தினான். "இண்டைக்கும் நானே உழக்கட்டோ ரீச்சர்?"

எழுதிக் குவித்தவர்கள்

உரும்பிராய்ச் சிவமலர் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கம்பசில் தாவரவியல் படிப்பித்துக்கொண்டிருந்தவள். தகப்பன் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். வெங்காயத்தில் விழுகிற அழுகல் நோயைப் பற்றி மேலே படிக்க வெளிநாட்டில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது, செலவும் அந்தக் கம்பஸ்காரரே பொறுப்பு. எல்லாம் சரி, கேட்கிற பகுதியில் ஏற்கெனவே ஒரு முறை விழுந்துவிட்டாள். அவர்கள் நல்ல மனிசர், இன்னொரு தவணை கொடுத்திருந்தார்கள். அதிலும் விழுந்தால் இடம் வேறு ஆளுக்கு. வகுப்பில் எல்லாருக்கும் இது தெரியும், அதனால் அவளைக் கேள்வி கேட்கும்போது எங்களுக்குத்தான் நெஞ்சு இடிக்கும்.

நான் எப்போதும் முதலில் போடுகிற கசற் ஒன்று இருந்தது. புதிதாக ஒரு ஊருக்கு வந்த பெண்பிள்ளை வாடகைக்கு அறை தேடி ரெலிபோனில் விசாரிப்பாள். கொஞ்சம் ஆறுதலாகக் கதைப்பாள் என்பதால் காதைத் தீட்ட நல்லது. அறை பார்க்க எந்த நாள் வருகிறாள் என்பதுதான் கேள்வி. சிவமலரின் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். வணக்கம் சொன்னது முதல் ரெலிபோனை வைத்தது வரை முழுவதும் எழுதியிருக்கிறாள், விடை எழுதுகிற இடம் மட்டும் வெறுமை. எங்கள் பிள்ளைகள் ரியூசனில் வளர்ந்தவர்கள் அல்லவா? வாத்தியார் தும்மினாலும் கை எழுதும். "உம்மை ஆர் நோட்ஸ் எடுக்கச் சொன்னது? வியாழனோ வெள்ளியோ, அதுதானே கேட்டது" என்று சத்தம் போட்டேன். அவள் தலை குனிந்தபடி சொன்னாள். "எழுதாமல் இருந்தால் களவு எடுத்த மாதிரி இருக்குது ரீச்சர்."

தம்பையா அண்ணை ஏறினார்

திடீரென்று ஒரு நாள் எங்கள் வகுப்புச் சைக்கிளின் அச்சு முறிந்தது. சிவமலரின் தகப்பன் தம்பையா அண்ணை, திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயத்தை இறக்கிவிட்டு மகளோடு வீட்டுக்குப் போக வந்து வாசல் படலையில் நின்றார். விசயத்தைக் கேட்டதும் தன்னுடைய பெரிய கரியர்ச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து ஸ்ராண்டில் ஏற்றினார். பிறகு தானே ஏறி இருந்தார். மூட்டை மூட்டையாக வெங்காயம் ஏற்றிப் பலாலி வீதியில் உழக்கிய கால் அது. ஒரே சீர். அன்றைக்குத்தான் அந்தக் கசற்றில் இருந்தவர்களின் உண்மையான குரல் எங்களுக்குக் கேட்டது.

பிறகு ஒவ்வொரு நாளும் வந்து ஏறினார். பாணும் தேத்தண்ணியும் அவருக்குப் போனதில் ஜெராட்டுக்குக் கொஞ்சம் மனவருத்தம். ஆங்கிலம் தம்பையா அண்ணைக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ஒரே குரலை எத்தனை நாள்தான் சும்மா கேட்டுக்கொண்டிருப்பது? ஒரு நாள் கேட்டார். "உந்தப் பிள்ளை நெடுகலும் ஆரையோ கெஞ்சிறது மாதிரிக் கிடக்கு. என்னவாம்?" வேறு ஊரில் படிக்கப் போயிருக்கிறாள், இருக்க அறை தேடுகிறாள் என்றேன். அவர் இன்னும் நாலு சுற்று உழக்கினார். பிறகு கேட்டார். "தனியவோ ரீச்சர்? கூட ஒருத்தரும் போகேல்லையோ?"

பொம்மர் வந்த பின்னேரம்

அறை தேடுகிறவள் வாடகையைக் கேட்கத் தொடங்கிய நேரம் பொம்மர் பிளேன் இரைந்து வந்தது. எல்லாரும் வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் பாய்ந்தோம். எங்கேயோ தூரத்தில் குண்டு போட்டான், நிலம் அதிர்ந்தது. சத்தம் அடங்கியதும் மண்ணைத் தட்டிக்கொண்டு ஏறி வந்து, அவரவர் வாங்குப் பலகையில் இருந்தோம். தம்பையா அண்ணை உழக்கினார். விட்ட சொல்லிலிருந்து அவள் வாடகையைக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெராட் மெல்லச் சொன்னான். "நல்ல மனுசி ரீச்சர். நாங்கள் வருமட்டும் கதையை நிப்பாட்டி வைச்சிருக்கிறா."

கையைக் கட்டிப்போட்டால்

கொழும்புப் பயணம் நெருங்கிவிட்டது. ஒருவரும் கேட்காத கசற் ஒன்றைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தேன், கடைசிப் பரீட்சிப்புக்கு. அதைப் போட்ட அன்றைக்குத் தம்பையா அண்ணை வெங்காய நடுகையில் நின்றுவிட்டார். சைக்கிளை மட்டும் மகளிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். சைக்கிளைக் கொண்டுவந்தவளே உழக்கட்டும் என்று ஏற்றிவிட்டேன். இரண்டு கையும் ஹாண்டிலில், பேனை இல்லை, கொப்பி இல்லை. பாவம், பரீட்சிப்பு வீணாய்ப் போகிறதே என்று முடிவில் அவளிடம் வாயால் கேட்டேன்.

ஒன்று விடாமல் சொன்னாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், எழுதிக்கொண்டிருந்த மற்றவர்களுக்குப் பாதியும் சரியில்லை. இத்தனை மாதமாக நான் அவளுடைய காதோடு சண்டை பிடித்திருக்கிறேன், குற்றம் கையில் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து அவளை வாங்கில் இருத்தி, கையை மடியில் வைக்கச் சொல்லி, காலை மட்டும் உழக்கிறமாதிரி ஆட்டச் சொல்லிப் பழக்கினேன். விடைக்குரிய சொல் வந்தால் மட்டும் பேனையைத் தொடலாம், எழுதினவுடன் கை மடிக்குப் போய்விட வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஜெராட் கேட்டான். "இதுக்குச் சோதனை மண்டபத்துக்குச் சைக்கிளையே கொண்டுபோக விடமாட்டினமோ ரீச்சர்?"

மேசைக்குக் கீழே

தகப்பனும் மகளும் ஊரைவிட்டு வெளியே போகிற பாஸ் எடுத்து, கிளாலிக் கடலில் வள்ளம் ஏறிப் போனார்கள். சைக்கிள் எங்கள் கொட்டிலில்தான் நின்றது. அதில் ஏறி உழக்குகிற ஒவ்வொருவரும் "சிவமலர் அக்காவின்ரை சங்கதி ஏதும் தெரியுமோ?" என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. நடந்தது எல்லாம் தம்பையா அண்ணை தனிய வள்ளத்தில் திரும்பி வந்து சொல்லித்தான் தெரியும்.

மண்டபத்தில் கசற் ஓடத் தொடங்கியதும் அவளுடைய கால் தன்பாட்டில் ஆடியிருக்கிறது. கதிரை கிறீச்சிட, மேசை ஆட, பக்கத்து மேசையில் இருந்தவர் திரும்பித் திரும்பி முறைத்திருக்கிறார். இவளுக்கு அது ஒன்றும் தெரியாது, காது கசற்றில். அந்தப் பகுதி முடிந்ததும் மேற்பார்வைக்கு நின்ற துரை வந்து மேசைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, என்ன செய்கிறீர் என்று இங்கிலிஷில் கேட்டாராம். அவள் யோசிக்காமல் இங்கிலிஷிலேயே சொன்ன பதிலைத் தம்பையா அண்ணை எங்களுக்குத் தமிழில் சொன்னார். "'கறன்ட் எடுக்கிறன் சேர்' எண்டவளாம்."

அறை

சோதனையில் அவள் சித்தியடைந்துவிட்டாள். கொழும்பு வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் இருந்து, முடிவு வந்த கையோடு அவளைப் பிளேன் ஏற்றிவிட்டுத்தான் மனிசன் வந்திருந்தார். கொட்டிலில் ஒரே சந்தோசம். ஜெராட் தன்னுடைய பாண் துண்டை அவருக்கு நீட்டினான். "இனிச் சைக்கிளைக் கொண்டு போங்கோ அண்ணை, எங்களாலை உங்களுக்குக் கனநாள் கரைச்சல்" என்றேன். "நிக்கட்டும், மற்றப் பிள்ளையளும் போகவேணுமெல்லோ" என்று சொல்லி ஏறி உழக்கத் தொடங்கினார்.

வழக்கம்போல அறை தேடுகிறவளின் கசற்றைப் போட்டேன். அவள் வாடகை கேட்டாள், வியாழன் வந்து பார்க்கிறேன் என்றாள், ரெலிபோனை வைத்தாள். கசற்றில் கதை அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் இல்லை. தம்பையா அண்ணையின் கால் நின்றுவிட்டது. தலையைத் திருப்பாமலே கேட்டார். "அந்தப் பிள்ளைக்கு அறை கிடைச்சுதோ ரீச்சர்?" பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "கிடைச்சிட்டுது அண்ணை" என்றேன். அவர் ஹாண்டிலைத் தடவிக்கொண்டு இன்னொன்று கேட்டார். "யன்னல் உள்ள அறையோ?"

கசற்றில் இல்லாததைச் சொன்னால் பிழை என்று ஊரெல்லாம் படிப்பித்துத் திரிந்த நான், "ஓம் அண்ணை, பெரிய யன்னல்" என்று சொல்லி, எனக்கு நானே முழுப் புள்ளியும் போட்டுக்கொண்டேன்.