மதிப்பிடப்படாத ஏழாம் கேள்வி

விடைத்தாளில் ஒரு பதில் மதிப்பிடப்படாமல் விடுபட்டிருந்தால், விண்ணப்பம் கிடைத்த பதினைந்து வேலை நாட்களுக்குள் அதை மதிப்பிட்டு எழுத்துமூலம் பதில் தர வேண்டும். தேர்வு விதித்தொகுப்பில் அப்படித்தான் இருக்கிறது. அந்த விதியை வரைந்து தட்டச்சுக்கு அனுப்பியவன் நான். வெறும் 'நாட்கள்' என்று இருந்ததை 'வேலை நாட்கள்' என்று திருத்தியவனும் நான்தான். பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்து, சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றேன். சால்வை போட்ட அன்று என்னை நடமாடும் விதித்தொகுப்பு என்றார்கள். நானும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

என் தங்கை ஓர் அரசு அலுவலகத்தில் அட்டெண்டர். தங்கவயலில் அப்பா நுரையீரல் கெட்டுச் சுரங்க வேலையை விட்டபோது, ஒரு பிள்ளையைத்தான் மேலே படிக்கவைக்க முடியும் என்று வீட்டில் முடிவானது. அந்த ஒரு பிள்ளை நான். அவள் ஐம்பது வயதுக்கு மேல், நான் வேலை பார்த்த அதே பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். எல்லாப் பாடமும் தேறி, ஆங்கிலம் மட்டும் பாக்கி. பட்டம் கிடைத்தால் கிளார்க் பதவிக்கு உயர்வு உண்டு. பட்டியல் வருடத்துக்கு ஒருமுறை, டிசம்பரில் போடுவார்கள். இந்தப் பட்டியலை விட்டால், அடுத்தது வருவதற்குள் அவளுக்கு அறுபது முடிந்துவிடும்.

"ஆறு மாசம்னாலும் போதும்ணா. அந்த ஸ்டூல வுட்டு எழுந்து, கை வெச்ச சேர்ல ஒக்காந்துட்டு வீட்டுக்குப் போய்டணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி ஸ்ரீராம்புரத்தில் என் வீட்டுக்கு வருவாள். தாளில் பாதி இலக்கணம், பாதி கட்டுரை. இலக்கணத்தில் அவளை வாட்டியது எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள இயைபு.

"நம்ம பாஷைல வந்தான்னு சொன்னாலே யாருன்னு தெரிஞ்சிடுது. இவன் அந்த ஒரு எஸ்ஸை எப்ப ஒட்டறான், எப்ப புடுங்கறான்னே தெரியல."

பயிற்சிக்காக என் பழைய ஆங்கிலக் கடித நகல்களை எடுத்துக் கொடுத்தேன். எழுவாயை அடிக்கோடிடச் சொன்னேன். ஒரு பக்கம் முழுக்கப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"இன்னாண்ணா இது? பரிசீலிக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது. எல்லாம் தானா நடக்குதா? யாரு செஞ்சாங்கன்னே காணோம்."

அப்படி எழுதுவதுதான் அலுவலக நடை என்று கொஞ்சம் பெருமையோடு சொன்னேன்.

கட்டுரைப் பகுதிக்கு ஓர் அரசியல் உருவகக் கதை பாடமாக இருந்தது. ஒரு புற்றில் மழைநீர் கசிகிறது. தானியம் சுமக்கும் எறும்புகள் இலையில் மனு எழுதி ராணிக்குக் கொடுக்கின்றன. ராணி குழு போடுகிறாள். குழு, கசிகிற அறையைத் தவிர மற்ற எல்லா அறைகளையும் பார்வையிடுகிறது. புற்று கரைகிறது. இது கவிழ்ந்துபோன ஒரு வெளிநாட்டு ஆட்சியைக் குறிக்கிறது என்று கைடு புத்தகம் சொன்னது.

"எந்த வெளிநாடு? இது எங்க ஆபீசுண்ணா. ராணி வாசல்ல நின்னு மனுவ வாங்கி ரொம்ப நாள் தன் அடியில போட்டு ஒக்காந்துக்குதே ஒரு எறும்பு, அதப் பத்திக் கைடுல ஒரு வரி இல்ல. கதையே அதுதான."

"கைடில் இருப்பதை எழுது. மதிப்பெண் அதற்குத்தான்" என்றேன்.

அவள் எழுதவில்லை. தன் எறும்பைப் பற்றித்தான் ஏழாம் கேள்விக்கு நாலு பக்கம் எழுதியிருந்தாள். ஜூனில் முடிவு வந்தது. ஆறு மதிப்பெண் குறைந்து தோல்வி.

விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது விதி. விண்ணப்பித்தோம். இலக்கணப் பகுதி முழுக்கத் திருத்தப்பட்டிருந்தது. ஏழாம் கேள்வியின் பக்கங்களில் சிவப்பு மை படவே இல்லை. காரணமும் கண்ணில் பட்டது. கட்டுரைக்கு முன்னால் ஒரு பக்கத்தை அவள் வெறுமையாக விட்டிருந்தாள். முப்பது வருடம் கோப்பு சுமந்தவள். முக்கியமான தாளுக்கு முன்னால் மேலதிகாரி ஷரா எழுத ஒரு பக்கம் விடுவதைப் பார்த்துப் பார்த்து, அதுதான் மரியாதை என்று நினைத்திருக்கிறாள். வெள்ளைப் பக்கத்தைப் பார்த்த பரிசோதகர் தாள் முடிந்தது என்று மூடிவிட்டார்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இவ்வளவு சுத்தமான கேஸ் என் சர்வீஸிலேயே வந்ததில்லை. விடுபட்ட பதிலை மதிப்பிடக் கோரி, ஜூலை முதல் வாரம் தபால் பிரிவில் விண்ணப்பத்தைக் கொடுத்து முத்திரை வாங்கினேன்.

ஆகஸ்டில், அக்டோபர் மறுதேர்வுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் வந்தது.

"எதுக்கும் இருக்கட்டும், அதையும் கட்டிடறேண்ணா."

"கட்டாதே. மறுபடி தேர்வு எழுதினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்ளப்படும். விதி நம் பக்கம் இருக்கிறது."

"உன் ரூல் புக்கு மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆபீஸ் மேலதான் இல்ல" என்றாள். ஆனாலும் கட்டவில்லை. படித்த பிள்ளை சொன்னால் கேட்பது எங்கள் வீட்டுப் பழக்கம்.

அவள் பெயரில் மூன்று நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. நவம்பரில் நேரிலேயே போனேன். என் நாற்காலியில் நான் பயிற்சி கொடுத்தவர் உட்கார்ந்திருந்தார்.

"பன்னி சார், கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்று, உட்காரச் சொல்லி எழுந்து நின்றார். சிவாஜிநகர்க்காரர், வரவேற்பு முடிந்ததும் தமிழுக்கு வந்தார். காபி வரவழைத்தார். விண்ணப்பத்தைக் கேட்டதும் கீழ்த்தட்டைக் காட்டினார். பச்சை நாடாக் கட்டு.

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பிரிவில் அதற்குப் 'பழுக்கப் போடுவது' என்று பெயர். இந்த மாதிரி விண்ணப்பங்களைப் பச்சை நாடாவில் கட்டிக் கீழே வைத்துவிட்டால், முக்கால்வாசிப் பேர் பொறுமையிழந்து மறுதேர்வு எழுதிவிடுவார்கள். விண்ணப்பம் தானே செத்துப்போகும். யாரும் எதையும் நிராகரிக்க வேண்டியதில்லை.

"பதினைந்து வேலை நாள் என்று விதி இருக்கிறதே?"

"இருக்கு சார். நாடா கட்டறதும் நீங்க சொல்லிக் குடுத்ததுதானே. உங்க தங்கச்சின்னு விண்ணப்பத்துல எழுதல பாருங்க." சங்கடத்தோடு சிரித்தார். "அவங்க மறுதேர்வு எழுதிருப்பாங்கன்னு நெனச்சேன். எல்லாரும் எழுதிடுவாங்களே சார்."

எல்லாரும் எழுதிவிடுவார்கள். விதியை நம்பிக் காத்திருந்த ஒரே ஆள் என் தங்கை. அதுவும் என் பேச்சைக் கேட்டு.

கட்டை அன்றே அவிழ்த்தார். ஆனால் பரிசோதகர் நியமனம், ஒப்புதல் என்று ஒவ்வொரு மேசையும் தன் பங்கு நாட்களை எடுத்துக்கொண்டது. டிசம்பரில் பட்டியல் வந்தது. அதில் அவள் இல்லை. அந்த ஞாயிறு பொம்மனஹள்ளிக்குப் போய்ப் பச்சை நாடாவைப் பற்றி அவளிடம் சொன்னேன். மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்த எறும்பு ரிடயர் ஆன பின்னாடி இன்னா பண்ணிருக்கும்ணா?"

பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. முறத்தை என் பக்கம் கொஞ்சம் தள்ளினாள். நானும் உரித்தேன்.

கடைசியில் கடிதம் வந்தது. ஏழாம் கேள்வி மதிப்பிடப்பட்டது. இருபதுக்குப் பதினான்கு வழங்கப்பட்டது. தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்படுகிறது. கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். ஜூலை, சரியாகப் பதினைந்தாவது வேலை நாள். அனுப்புகைப் பதிவேட்டில், பழைய தேதி போட வேண்டிய அவசரத்துக்கென்று சில எண்களைக் காலியாக விட்டுவைப்பதும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். இனி எந்தத் தணிக்கைக்குப் போனாலும் விதி மீறப்பட்டதாகக் காட்ட முடியாது. உறையை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் என் கையெழுத்தில், அது வந்து சேர்ந்த நாளைக் குறித்திருக்கிறேன்: சங்கராந்திக்கு மறுநாள்.