செல்ஃப் எடுக்காத வெள்ளிக்கிழமை

இதை எழுதாமலே விட்டுவிடத்தான் பார்த்தேன். பத்தாவதைத் தாண்டாத கை, பேனா பிடித்தால் சுளுக்கிக்கொள்ளும் என்று சாக்குச் சொல்லித் திரிந்தேன். ஆனால் கோவில்பட்டியில் ஒரு டீக்கடையில் என் கார் தீப்பிடித்தது என்கிறார்கள், இன்னொன்றில் நான் பயந்து ஓடிவிட்டேன் என்கிறார்கள். பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத ஆட்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது பழைய டீசல் கார், வாடகைக்கு ஓட்டுகிறேன். அந்த வெள்ளிக்கிழமை அதில்தான் கடம்பூருக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். பெண் எனக்குப் புதிதல்ல. மார்க்கெட் பக்கம் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவள். "ஒரே லைசென்ஸ எத்தன தடவதான் ஜெராக்ஸ் எடுப்பிய? வீட்டுல தோரணமா கட்டப் போறியளா?" என்று அவள் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறு கடை பிடிக்கவில்லை.

இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் அவள் அப்பா ஒரே பேச்சாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்னால் வந்து பார்க்கட்டும், இல்லையென்றால் காத்திருக்கும் விருதுநகர் மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடுவேன் என்று.

காலையில் புதுச் சட்டை போட்டு உட்கார்ந்து சாவியைத் திருகினேன். டிக். மறுபடி திருகினேன். டிக். பல்லி மாதிரி அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததே தவிர, இன்ஜின் அசையவில்லை.

அப்பா இல்லாத வீட்டில் பெரியப்பா சொல்வதுதான் சட்டம். அவர் பின் சீட்டில் தாம்பூலத் தட்டோடு இருந்தார். "என்னல சத்தம்?" என்றார்.

"கார் நல்ல சகுனம் சொல்லுது பெரியப்பா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

லைட் போட்டேன், எரிந்தது. ஹாரன் அடித்தேன், தெருநாய் எழுந்து ஓடியது. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, இன்ஜினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார்தான் போச்சு என்று முடிவு கட்டினேன். துணைக்கு வந்திருந்த என் கூட்டாளி காருக்கடியில் படுத்து ஸ்பேனரால் மோட்டாரை நாலு தட்டுத் தட்டினான். மறுபடி டிக்.

"தள்ளுவோம்" என்றேன்.

முந்தின நாள் நல்ல மழை. வாசலிலிருந்து ரோடு வரைக்கும் கரிசல் மண், மிதித்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். நான் ஸ்டியரிங்கில் இருக்க, கூட்டாளியும் பெரியப்பாவும் தள்ளினார்கள். கிளட்சை விட்டேன். சக்கரம் சுற்றாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். பெரியப்பா முழங்கால் போட்டு விழுந்திருந்தார். சலவை வேட்டி இடுப்பு வரைக்கும் கறுப்பு.

அவர் எழுந்தார். தட்டை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். "கெளம்பும்போதே இப்பிடின்னா அது போவக்கூடாத எடம்ல" என்றார்.

"பெரியப்பா, செத்த பொறுங்க, இப்ப எடுத்துரும்."

"நீ எடுத்துட்டு சவாரிக்குப் போ."

போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் பெண் வீட்டு எண்ணைத் தேடுவதற்குள் கிளப்பிவிட வேண்டும். பானட்டைத் தூக்கிவிட்டு, கூட்டாளியை உட்கார வைத்து, "திருகுல" என்றேன். டிக் என்றது, கூடவே கமகமவென்று சந்தன வாசம்.

"ஏலே, உள்ள என்ன பூசையா நடக்கு?" என்றான் கூட்டாளி.

தலையைக் குனிந்து பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் மழை விட்டதும் நான் பேட்டரி வயரைக் கழற்றி, பூத்திருந்த பச்சையைச் சுரண்டி, வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டு அப்படியே காயப்போட்டிருந்தேன். விடிந்ததும் அம்மா காருக்குப் பொட்டு வைத்தாள். ஸ்டியரிங்குக்கு, நாலு சக்கரத்துக்கு, அப்படியே குட்டிச் சாமி மாதிரி நின்ற பேட்டரியில் வயர் மாட்டுகிற இரண்டு குமிழுக்கும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம். காலையில் நானும் பார்த்தேன். நல்ல காரியத்துக்குப் போகிற நாளில் வைத்த பொட்டை யார் துடைப்பார்கள்? அதன் மேலேயே வயரை மாட்டி முடுக்கிவிட்டேன். லைட்டுக்கும் ஹாரனுக்கும் அது விட்டுக்கொடுத்தது. செல்ஃபுக்கு வேண்டிய கரண்டை விடவில்லை.

வயரைக் கழற்றித் துணியை எடுத்தேன்.

"ஏய்யா, வெள்ளிக்கெழமையும் அதுவுமா பொட்ட அழிக்காதய்யா!" அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காட்டா மருமவ வரமாட்டா, விடும்மா."

துடைத்து மாட்டினேன். ஒரே திருகு. இன்ஜின் பிடித்துக்கொண்டது. கூட்டாளி கை தட்டினான். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "பெரியப்பா!" என்று கத்தினேன்.

அவர் வேட்டியை மாற்றிக் கைலியோடு வெளியே வந்தார். "அவியட்ட சொல்லிட்டேன். இன்னொரு நாள் பாப்போம்" என்றார்.

அந்த வீட்டில் இன்னொரு நாள் கிடையாது என்று அவருக்கும் தெரியும். அம்மா தட்டிலிருந்த பூவை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டாள். கார் வாசலில் ஓடிக்கொண்டே நின்றது. அதை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

விருதுநகர்க்காரர்கள் வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். அவள் கடையை விட்டு நின்றுவிட்டாள். நான் கயத்தாறுக்கு ஓட்டுகிறேன், மணியாச்சிக்கு ஓட்டுகிறேன். கடம்பூர் சவாரி வந்தால் வேறு வண்டிக்கு விட்டுவிடுகிறேன். வருகிறவர்களைச் சிரிக்க வைக்கிறேன். இறக்கிவிட்டுத் திரும்பும்போது வாய் கசக்கிறது, எச்சில் துப்பினாலும் போகவில்லை.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள். இவ்வளவுதான் எழுதியிருந்தாள்: "அன்னைக்கு பஸ் ஓடலையா?"

காரோடு மல்லுக்கட்டிய அந்த நேரம் முழுக்க, பஸ் என்ற ஒன்று எனக்கு நினைவுக்கே வரவில்லை. இதை அவளுக்கு எப்படிச் சொல்வது? எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். விடிந்தால் தாலி கட்டு. கடைசியில் அவள் மெசேஜை அப்படியே கூட்டாளிக்கு அனுப்பி, என்னல பதில் போட என்று கேட்டேன்.

அவன் போட்டான்: "அத நானே அன்னைக்கு கேக்கணும்னு நெனச்சேம்ல."