தமிழ்ப் புத்தகம் நம்பர் ஒன்று

நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகம் கேகாலையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். சுற்றிலும் இறப்பர் மரங்கள். பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில்தான் பிறந்தேன். அம்மா இப்போதும் அங்கே இறப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறார். நூலக ஊழியர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே தமிழ் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நானே நிபுணர். பதவி மட்டும் உதவியாளர்.

எங்களுக்கு 'ஒரே தேடல்' வந்தது. அதற்கு முன் புத்தகத்துக்கு ஒரு பக்கம், ஆய்வேட்டுக்கு ஒரு பக்கம், வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு இன்னொரு பக்கம் என்று மாணவர்கள் கணினியில் அலைந்தார்கள். இனி ஒரே பெட்டி. ஒரு சொல்லைத் தட்டினால் நூலகத்தில் இருப்பதெல்லாம் வந்து நிற்குமாம். இதற்காகக் குத்துவிளக்கு ஏற்றினோம், கிரிபத் என்னும் பாற்சோறு சாப்பிட்டோம், கணினிக்கு மாலையும் போட்டோம். மாலை திரையை மறைத்ததால் பிறகு கழற்ற வேண்டியதாயிற்று.

கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர் 'இறப்பர்' என்பதை ஆங்கிலத்தில் தட்டினார். ஆயிரக்கணக்கில் வந்தன. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தைப் பற்றி பிரேசிலில் இருப்பவர் எழுதியதை இனி நாங்கள் வாசிக்கலாம். கைதட்டினோம். சிங்களத்தில் தட்டினார், கொஞ்சம் வந்தது. அதற்கும் கைதட்டினோம். அப்போதுதான் நூலகருக்கு என் ஞாபகம் வந்தது.

"நங்கி, தமிழ்லயும் ஒண்ணு போட்டுக் காட்டுங்க" என்றார் சிங்களத்தில். நங்கி என்றால் தங்கச்சி.

'தோட்டத் தொழிலாளர்' என்று தட்டினேன். முடிவுகள் எதுவும் இல்லை.

"பிரச்சினை இல்ல மிஸ். இங்க தமிழ்ப் புத்தகம் இல்லபோல" என்றார் பயிற்சியாளர். அவர் சாய்ந்து நின்றதே தமிழ்ப் புத்தக அலமாரியில்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள். காரணம் வேறு.

எட்டு வருடங்களுக்கு முன் புத்தகங்களை முதன்முதலாகக் கணினியில் பதிந்தபோது நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அந்தக் கணினியில் தமிழ் எழுத்து இல்லை. "தலைப்பெல்லாம் எதுக்கு? நம்பர் போடுங்க, போதும்" என்றார் அப்போதைய பொறுப்பாளர். போட்டேன். ஆங்கில எழுத்தில் 'தமிழ் புக் 1', 'தமிழ் புக் 2' என்று தொடங்கி நானூற்றுப் பத்தொன்பது வரை. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சீக்கிரம் முடித்ததற்காக என்னைப் பாராட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

விழா முடிந்து ஒரு மாதம் இருக்கும். இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து படிக்கும் மாணவி ஒருத்தி தன் ஆய்வு முன்மொழிவைப் போட்டோகாப்பி எடுக்க வந்தாள். அதில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: 'தோட்டப் பெண்களைப் பற்றிய தமிழ் நூல்கள் எவையும் இந்நூலகத்தில் இல்லை.'

"இல்லேன்னு யாரு சொன்னது?"

"தேடிப் பாத்தேங்க அக்கா, மூணு தடவ. ஒண்ணுமே வரல. எங்க லெக்சரர் சேரும் சரின்னுட்டாரு."

அலமாரியைத் திறந்து ஏழு புத்தகங்களை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். தூசியை ஊதிவிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதாங்க?"

"இல்ல தங்கச்சி. நான் அதுகிட்ட என்ன சொல்லி வச்சேனோ, அதத்தான் சொல்லுது."

நடந்ததைச் சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்படீங்களா" என்று மட்டும் சொன்னாள். பேனாவை எடுத்து அந்த வரியை வெட்டினாள். பிறகு வாசிக்க உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் எல்லாத் தலைப்புகளையும் தமிழில் மாற்ற நூலகரிடம் அனுமதி கேட்டேன்.

"செய்யுங்க. ஆனா கவுண்டர் வேலை நிக்கக் கூடாது. யாரும் கேக்காத புத்தகங்கதானே" என்றார்.

கேட்பவர்களிடமெல்லாம் இல்லையென்று சொன்னால் யார் கேட்பார்கள் என்று நான் கேட்கவில்லை. அனுமதி கிடைத்த நேரத்தில் நியாயம் பேசி அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

தமிழ் எழுத்துகளைக் காகிதத்தில் எழுதி, வெட்டி, விசைகளில் ஒட்டினேன். வியர்வையில் 'ழ' மட்டும் அடிக்கடி கழன்று போனது. கூட்டம் குறைந்த மதியங்களில் இரண்டு, மூன்று என்று ஏற்றினேன். தமிழ் புரியாதவர்களுக்காக, எதைப் பற்றிய புத்தகம் என்பதை ஆங்கிலத்திலும் போட்டேன். ஏழு மாதம் ஆனது. அதற்குப் பிறகும் தமிழில் தட்டினால் எதுவும் வரவில்லை; மென்பொருளுக்குத் தமிழ் எழுத்து பிடிபடவில்லை. மென்பொருள் கம்பனிக்கு எழுதினோம். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்' என்று மூன்று தடவை பதில் வந்தது. அவ்வளவு முக்கியமான கருத்து என்பதால் பத்திரமாக வைத்திருந்தார்கள் போலும்.

நான்காவது கடிதத்துக்குப் பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மறுபடியும் 'தோட்டத் தொழிலாளர்' என்று தட்டினேன். முப்பத்தொரு புத்தகங்கள் வந்து நின்றன, தமிழில், சொந்தப் பெயரோடு. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்த வார ஊழியர் கூட்டத்தில் நூலகர் பெருமையோடு அறிவித்தார்: "நம்ம புது மென்பொருள் தமிழ்ப் புத்தகங்களைத் தானாவே கண்டுபிடிச்சிருக்கு." எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

போன வாரம் ஒரு சிங்கள விரிவுரையாளர் வந்தார். தோட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் தேடியவருக்குத் தமிழ்த் தலைப்பொன்று கிடைத்திருக்கிறது. வாசிக்கத் தெரியாததால் எழுத்தெழுத்தாகப் பார்த்து ஒரு காகிதத் துண்டில் வரைந்து கொண்டுவந்திருந்தார். புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன சொல்லியிருக்குன்னு கொஞ்சம் சொல்ல முடியுமா?" என்று தயங்கியபடி கேட்டார்.

முதல் பக்கத்தை விரித்து, ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். அவர் குறிப்பெடுத்தார். கவுண்டரில் நான்கைந்து பேர் காத்து நின்றார்கள். நிற்கட்டும் என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.