புஷ்பவள்ளியின் முதல் மெஷின்

மலேசியாவின் சிகாமட்டில், ஆற்றை ஒட்டிய தாமான் குடியிருப்பில், புஷ்பவள்ளி வாஷிங் மெஷின் பழுதுபார்க்கிறேன் என்று அறிவித்து ஆறு வாரம் ஆகியிருந்தது. இந்த ஆறு வாரத்தில் அவள் பழுதுபார்த்த மெஷின் ஒன்றுகூட இல்லை. போன் வராமலில்லை. தாமான் வாட்ஸ்அப் குழுவில் அவள் போட்ட விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிடத்தான் செய்தார்கள். அவள் குரலைக் கேட்டதும், அண்ணன் எப்போது வருவார் என்பார்கள். அண்ணன் என்றால் அவள் புருஷன் ராஜசேகரன். லாரி ஓட்டுகிறவர், தங்கமான மனுஷன், வீட்டில் பல்பு மாற்றக்கூடப் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறவர். அவர் வரமாட்டார், நான்தான் வருவேன் என்று இவள் சொன்னதும், சரி, அப்புறம் கூப்பிடுகிறோம் என்று வைத்துவிடுவார்கள். அந்த அப்புறம் யாருக்கும் இன்னும் வரவில்லை.

கோபம் வராதா? வந்தது. இருபத்திரண்டு வருஷம் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் பரிசோதனை மேசையில் உட்கார்ந்து, குறையுள்ள சாமானை ஒரே பார்வையில் பொறுக்கி எடுத்தவள் அவள். தொழிற்சாலை மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போனபோதும் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. பழுதுபார்க்கும் வகுப்பில் சேர்ந்தாள். பதினேழு ஆண்களுக்கு நடுவே அவள் ஒருத்தி; தேர்வில் முதலாவதாக வந்தவளும் அவளே. இதையெல்லாம் விளம்பரத்தில் போட முடியுமா என்ன?

இப்போது வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜண்ட் லெட்சுமணன் சிங்கப்பூரில் ஒரு துப்புரவு வேலையோடு வந்து நின்றார். அங்கேயே தங்க இடம் உண்டு, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரலாம், சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்குள் பதில் வேண்டும் என்று சொல்லியிருந்தார். போக அவளுக்குத் துளியும் மனசில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. மறுநாள் சரி சொல்லிவிடலாம் என்று வெள்ளிக்கிழமை இரவே முடிவுகட்டியிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் போன் அடித்தது. மூன்று தெரு தள்ளியிருக்கும் நாச்சம்மை ஆச்சி. மெஷின் துணியைச் சுற்றுகிறதாம், தண்ணீரை மட்டும் வெளியே விடமாட்டேன் என்கிறதாம். இரண்டு பேர் வந்து பார்த்தாயிற்று. ஒருவர் பம்பை மாற்றினார். இன்னொருவர் உள்ளே எலெக்ட்ரானிக் போர்டு போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்றார். மூன்று வாரமாகக் கையால் துவைத்து மணிக்கட்டு வீங்கிவிட்டது, யார் வந்தாலும் பரவாயில்லை என்றார் ஆச்சி. புஷ்பவள்ளி அண்ணனைப் பற்றிய கேள்விக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்தாள்.

ஆச்சியின் வீட்டுக்காரர் உலகப்பன் கதவைத் திறந்ததும் அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் முகம் சுருங்கியது. ஆச்சி அவரை ஒரு பார்வை பார்த்தார். உலகப்பன் நாற்காலியை மெஷின் இருந்த சமையற்கட்டின் வாசலில் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துகொண்டார்.

புஷ்பவள்ளி முறைப்படி ஆரம்பித்தாள். கீழே இருந்த சின்ன மூடியைத் திறந்து, பேசின் பேசினாகத் தண்ணீரை வடித்து, பில்டரைக் கழற்றினாள். ஒரு நூல்கூட இல்லை. பம்புக்குள் விரல் விட்டுப் பார்த்தாள், தடையில்லாமல் சுழன்றது. மெஷினிலிருந்து புறப்படும் பைப்பைக் கழற்றி, வாய் வைத்து ஊதினாள். காற்று தாராளமாகப் போயிற்று. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, தண்ணீர் நிரப்பி ஓட விட்டாள். பம்பு உறுமியது. தண்ணீர் அப்படியே நின்றது. உலகப்பன் தொண்டையைக் கனைத்தார். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது, அவளுக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது.

போர்டுதான் போலிருக்கிறது என்று ஒரு நொடி அவளும் நினைத்துவிட்டாள். பம்பு நின்றது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மெஷினுக்குள் களக் களக்கென்று தண்ணீர் இறங்குகிற சத்தம். மறுபடி ஓட விட்டு, காதை மெஷினில் ஒட்டவைத்தாள். பம்பு ஓடும்போது தண்ணீர் போகிறது. நின்றதும் போனதெல்லாம் திரும்பி வருகிறது. போர்டு போயிருந்தால் பம்பு எதற்கு ஓடும்? தண்ணீர் எங்கேயோ பாதி தூரம் ஏறி, முடியாமல் இறங்குகிறது. அப்படியானால் கோளாறு மெஷினுக்குள் இல்லவே இல்லை.

பைப்பைக் கையால் தடவிக்கொண்டே போனாள். அது உயரமான அலமாரிக்குப் பின்னால் நுழைந்தது. அலமாரியை நகர்த்தப் போனபோது உலகப்பன் எழுந்து வந்து, கனமானது, உன்னால் ஆகாது என்று தடுத்தார். பிறகு அவரே ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினார். பின்னால் பைப் ஒட்டுப்போட்டு நீட்டப்பட்டு, சுவரோடு சுவராக மேலேறி, தலைக்கு மேலிருந்த காற்றுத் துவாரத்தின் வழியாக வெளியே போயிருந்தது. ஆறடிக்குக் குறையாது.

யார் வேலை என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. உலகப்பன் பெருமையோடு சொன்னார்: "நான்தாம்மா கட்டுனேன். போன வெள்ளத்துல லோங்காங் சாக்கடைத் தண்ணி இந்தப் பைப் வழியாத்தான் வீட்டுக்குள்ள வந்துச்சு. இனிமே வராதுல்ல?"

கட்டிவிட்டு இருவரும் ஜொகூர் பாருவில் மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்திருக்கிறார்கள். திரும்பி வந்து துவைத்தால் தண்ணீர் போகவில்லை. சும்மா கிடந்து மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். வந்த இரண்டு கெட்டிக்காரர்களும் மெஷினைக் குடைந்தார்களே தவிர, பைப் எங்கே போகிறது என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

புஷ்பவள்ளிக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டு, இந்தப் பம்பால் இடுப்பளவுக்குத்தான் தண்ணீரைத் தள்ள முடியும், ஆறடிக்குத் தள்ள அதற்குத் தெம்பு கிடையாது என்று விளக்கினாள். உலகப்பன் மசியவில்லை. பைப்பைக் கீழே இறக்கினால் மறுபடி வெள்ளம் வீட்டுக்குள் வரும், அதற்கு யார் பொறுப்பு என்றார்.

"வெள்ளம் வர்ற அன்னைக்குத் துணி துவைப்பீங்களா ஐயா?" என்றாள் புஷ்பவள்ளி. "அன்னைக்கு மட்டும் கழட்டி மேல கட்டுங்க. மத்த நாளு கீழயே கெடக்கட்டும்லா."

ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். புஷ்பவள்ளி ஒட்டுப்போட்ட பகுதியை வெட்டியெடுத்து, பைப்பை இடுப்பளவுக்கு ஒரு வளைவு கொடுத்து, சுவரின் அடியில் முன்பிருந்த பழைய ஓட்டை வழியாக வெளியே விட்டாள். வெள்ள நாளில் மாட்டுவதற்காகச் சுவரில் உயரமாக ஒரு கொக்கியும் அடித்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

பம்பு உறுமியது. மூன்று பேரும் வெளியே ஓடினார்கள். நுரையும் அழுக்குமாகத் தண்ணீர் லோங்காங்கில் பாய்ந்து கொட்டியது. இவ்வளவு அழகான அழுக்குத் தண்ணீரைப் புஷ்பவள்ளி தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் அவள் கண் கலங்கிவிட்டது. ஆச்சி உடனே போனை எடுத்து அதைப் படம்பிடித்துத் தாமான் குழுவில் போட்டார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது லெட்சுமணன் கூப்பிட்டார். வரவில்லை, எனக்கு இங்கேயே வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்தாள். சொன்ன பிறகுதான் எந்த வேலை என்று அவளுக்கே ஒரு பயம் வந்தது.

சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி போன் அடித்தது. போன வாரம் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்த அதே குரல். ஆச்சி போட்ட படத்தைப் பார்த்தேன், அண்ணன்தான் செய்தாரா, இங்கே எப்போது வருவார் என்று கேட்டது.

"அண்ணன் லாரியில இருக்காரு. செஞ்சது நான்," என்றாள் புஷ்பவள்ளி. "உங்க மெஷின்ல தண்ணி நிக்குதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஒரு மெஷின் மூடி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. புஷ்பவள்ளி போனை வைக்கவில்லை.

"நிக்குதுக்கா," என்றது அந்தக் குரல். "எப்ப வர்றீங்க?"