உடையப்பன் போட்ட ரோடு

எங்கள் ஊருக்கு வடக்கே தைலமரக் காட்டுக்குள் ஒரு மண்ரோடு போகிறது. அரசாங்கக் காடு, அரசாங்க ரோடு. ஆனால் யாரைக் கேட்டாலும் உடையப்பன் ரோடு என்றுதான் சொல்வார்கள். மரம் ஏற்றும் லாரிகள் போகும் அந்தப் பாதையைப் பராமரிக்கத் தினக்கூலிக்கு வைத்த ஆள் அவர். வாங்குகிற கூலிக்கு இவ்வளவு உழைப்பது கிறுக்குத்தனம் என்று நானே அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். சிரிப்பார். ரோட்டில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஓர் இடத்தில் மட்டும் அவர் மானம் போய்க்கொண்டிருந்தது. காட்டுத் தண்ணீரை எங்கள் கண்மாய்க்குக் கொண்டுவரும் வாரி, ரோட்டைக் குறுக்கே கடக்கிற பள்ளம் அது. மழை பெய்தால் லாரி அதில் புதையும். டிரைவர்கள் அவரைத்தான் வைவார்கள். பொறுத்துப் பார்த்தவர், மரம் வெட்டும் காண்டிராக்டரிடம் கெஞ்சி கிராவல் வாங்கி, பள்ளத்தைத் தூர்த்து மேடாக்கிவிட்டார். அடியில் குழாய் பதிக்க வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

ஐப்பசியில் நல்ல மழை. ரோட்டைப் பார்க்கப் போனார். ரோடு கல்லாட்டம் இருந்தது. மேல்புறம் தண்ணீர் தேங்கி, ரோட்டோரமாகவே ஓடி, பழைய கல்குவாரிக் குழிக்குள் விழுந்துகொண்டிருந்தது. கண்மாய்க்கு ஒரு சொட்டுப் போகவில்லை. மழை நாளில் அந்தப் பக்கம் வேறு யார் போகிறார்கள்? பார்த்தது அவர் மட்டும்தான்.

அன்றைக்கே ரோட்டை வெட்டித் தண்ணீருக்கு வழி விட்டிருக்கலாம். மனுஷனுக்கு ரோட்டின் மேல் அவ்வளவு ஆசை. வைத டிரைவர்களே டீ வாங்கிக் கொடுக்கிற அளவுக்கு மரியாதையும் வந்திருந்தது. அந்த வருஷம் ஊரில் நடவு இல்லை.

"தைலமரம்தாங்க தண்ணி பூராத்தையும் உறிஞ்சிருது" என்று டீக்கடையில் சொன்னார்கள்.

உடையப்பனும் ஆமாம் போட்டார். போட்டுவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த வருஷமும் நடவு இல்லை. கண்மாய்க்கரை வழியாக வீட்டுக்குப் போகிறவர், ஊரைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். குற்ற உணர்ச்சி ஆளை உள்ளுக்குள்ளேயே தின்றது. முதல் நாளே சொல்லாததை இப்போது எந்த முகத்தோடு சொல்வது?

இந்த வருஷம் கண்மாய் நிறைய வேண்டும் என்று அய்யனாருக்குப் புரவி எடுத்தோம். மண்குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, காட்டுக்குள் இருக்கும் கோயிலுக்கு அந்த ரோட்டு வழியாகத்தான் போனோம். ஒரு குதிரைக்கும் காது கூட உடையவில்லை. ஊருக்குத் தலைவரான அம்பலம் ரெங்கராஜுக்கு ஒரே சந்தோஷம்.

"உடையப்பா, இங்கிட்டு வாப்பா. இந்த வருசம் பரிவட்டம் ஒனக்குத்தான். ஒன் ரோட்டாலதான் குதிரை குலுங்காம வந்துச்சு."

பூசாரி துணியோடு நெருங்கியபோது உடையப்பன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேணாங்கய்யா. கம்மாத் தண்ணிய மரம் குடிக்கலை. நான்தான் வாரியத் தூத்து ரோடு போட்டேன். தெரிஞ்சுக்கிட்டே ரெண்டு வருசமா வாயத் தொறக்காம இருந்துட்டேன்."

கொட்டு நின்றுபோனது. இரண்டு பேர் அடிக்கப் பாய்ந்தார்கள். ரெங்கராஜ் அவர்களைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். உடையப்பன் நகரவே இல்லை. அடி விழுந்தால் தேவலை என்றுதான் நின்றார்.

அப்போது முனியாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கண்மாய்ப் பாசனத்தில் இருந்த கொஞ்ச நிலமும் தரிசாகி, மாட்டையும் விற்றுவிட்டவள். அவள் வாய்க்குப் பயப்படாதவர் ஊரில் கிடையாது. என்ன பேசப் போகிறாளோ என்று நானே ஓர் அடி விலகி நின்றேன். அவள் உடையப்பனைத் தாண்டிப் போய் அய்யனார் முன்னால் நின்றாள்.

"மன்னிச்சுக்க அய்யா. ரெண்டு வருசமா ஒன்னையப் போயி வைஞ்சுக்கிட்டுக் கெடந்தேன்."

கன்னத்தில் போட்டுக்கொண்டு, வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள்.

"ஆத்தா, என்னையும் ரெண்டு வார்த்தை வைஞ்சிட்டுப் போத்தா" என்றார் உடையப்பன்.

அவள் நிற்கவில்லை.